அப்பிள் பறிக்கப் போன இடத்தில்

அப்பிள் நமக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போகும் பழம். கடைக்காரர் துடைத்து அடுக்கி வைத்திருப்பார். நாம் எண்ணி வாங்குவோம். அது எந்த மண்ணில் காய்த்தது, யார் பறித்தார், பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

உரோமையில் படித்த காலத்தில், 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், இத்தாலியின் வட எல்லையில் உள்ள தென் திரோல் என்னும் மலைநாட்டுக்குப் பங்கு உதவிக்காகச் சென்றிருந்தேன். அது அறுவடைக் காலம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு விவசாயி என்னிடம் வந்து, "சுவாமி, நாளைக்கு எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். பார்க்க மட்டுமல்ல, பறிக்கவும்தான்" என்றார். போனேன். அன்று நான் பறித்தது கொஞ்சம், கற்றது அதிகம்.

வாசகர்கள் அப்பிள் நட வேண்டும் என்று இதை எழுதவில்லை. அந்த மரத்துக்கு நீண்ட குளிர் வேண்டும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கினால்தான் அது வசந்தத்தில் பூக்கும். நமது வறண்ட நிலத்துக்கு அது சரிவராது. நான் சொல்ல வந்தது அந்த மரங்களின் கீழ் நின்ற மனிதர்களைப் பற்றி.

மூன்று ஹெக்டேயர்க் காணி

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள், எண்பது வயதுப் பெரியவர் என ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. காணி மூன்று ஹெக்டேயர். யாழ்ப்பாணக் கணக்கில் ஏறக்குறைய 120 பரப்பு. நமக்கு இது பெரிதாகத் தோன்றலாம். ஐரோப்பாவில் இது சிறு காணி. தென் திரோலில் 18,000 ஹெக்டேயர் அளவில் அப்பிள் பயிராகிறது. அதைச் செய்பவை பெருங் கம்பனிகள் அல்ல. இப்படிப்பட்ட சில ஆயிரம் குடும்பங்களே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விளையும் அப்பிளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தக் குடும்பங்களின் கைகளிலிருந்து வருகிறது.

மாமரம் போல் விரிந்து நிழல் தரும் மரங்களை எதிர்பார்த்துப் போன எனக்குத் தோட்டத்தைக் கண்டதும் வியப்பு. முந்திரிகைத் தோட்டம் போலக் கம்பி இழுத்து, வரிசை வரிசையாக மெல்லிய மரங்கள் நின்றன. ஒரு ஹெக்டேயரில் மூவாயிரம் மரங்கள் வரை நிற்கும். மரம் குட்டையாக நிற்கும்படி, குள்ள இன வேர்மரத்தில் ஒட்டி நடுகிறார்கள். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பதினைந்து இருபது ஆண்டு பலன் எடுத்தபின் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவார்கள்.

ஏப்பிரல் மாதப் பூக்காலமே அவர்களுக்குப் பயமான காலம். இரவில் உறைபனி விழுந்தால் பூ கருகிப்போகும். குளிர்மானி எச்சரித்ததும் நள்ளிரவில் எழுந்து மரங்களின் மேல் தண்ணீர் தூவுவார்கள். தண்ணீர் பூவின்மேல் பனிக்கட்டியாக உறையும். உறையும்போது அது வெளிவிடும் சிறு வெப்பமே உள்ளிருக்கும் பூவைக் காக்கிறது. விடிந்து, பனிக்கட்டி உருகும்வரை தண்ணீரை நிறுத்தக்கூடாது. "அந்த இரவுகளில் ஊரில் ஒருவரும் தூங்குவதில்லை" என்றார் வீட்டுக்காரர்.

பறிக்கும் கை

காலையில் என் கழுத்தில் ஒரு பையை மாட்டினார்கள். அது நெஞ்சின் முன்னால் தொங்கும், அடிப்பக்கம் திறக்கும். பத்து வயதுச் சிறுமி எனக்கு ஆசிரியையானாள். "இழுக்காதீர்கள். உள்ளங்கையில் ஏந்துங்கள், மேலே தூக்குங்கள், சற்றுத் திருப்புங்கள்" என்று செய்துகாட்டினாள். முற்றிய பழம் தானே கைக்கு வந்துவிடும். காம்பு பழத்தோடு இருக்க வேண்டும். ஆனால், காம்பு பிடித்திருந்த சிறு முடிச்சு மரத்தோடு இருக்க வேண்டும். அது ஒடிந்தால் வரும் ஆண்டுப் பூ போய்விடும்.

விரலால் அழுத்தினாலும் பழத்தில் காயம் விழும். அன்று தெரியாது, களஞ்சியத்தில் பழுப்பாகத் தெரியும். ஆகவே பையைக் கவிழ்த்துக் கொட்டுவதில்லை. பெரிய பெட்டிக்குள் பையை இறக்கி, அடியைத் திறந்து, பழங்களை மெல்ல உருளவிட வேண்டும். ஒரு பெட்டி ஏறக்குறைய முந்நூறு கிலோ கொள்ளும். ஒரே மரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிப்பதும் இல்லை. நிறம் பிடித்தவற்றை முதலில் எடுத்து, மற்றவற்றுக்காகச் சில நாள் கழித்துத் திரும்பி வருவார்கள்.

எப்போது பறிப்பது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பழத்தைக் குறுக்கே வெட்டி அயடீன் கரைசல் பூசுவார்கள். மாப்பொருள் இருக்கும் இடம் கருநீலமாகும். இனிப்பாக மாறிய இடம் வெள்ளையாகவே நிற்கும். அந்தக் கறையின் அளவைப் பார்த்து நாளைக் குறிப்பார்கள். நாம் மாங்காயைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஆனால் ஊர் முழுவதும் ஒரே அளவுகோல்.

தனியே விற்காத விவசாயிகள்

நண்பகல் மணி அடித்ததும் வேலையை நிறுத்தி, மூவேளைச் செபம் சொல்லி, மரத்தடியில் உணவருந்தினோம். "இந்தப் பெட்டிகளை யாருக்கு விற்பீர்கள்? என்ன விலை?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். "நான் விற்பதில்லை சுவாமி. விலையும் இன்று தெரியாது. எங்கள் சங்கம் விற்கும்."

மாலையில் உழவு இயந்திரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனோம். ஒவ்வொரு பெட்டியிலும் குடும்பத்தின் இலக்கம் இருந்தது. பழங்கள் காயப்படாமல் இருக்கத் தண்ணீர் வாய்க்காலில் மிதந்து போயின. கமரா ஒவ்வொரு பழத்தையும் படம் பிடித்து நிறம், பருமன், பழுது பார்த்துத் தரம் பிரித்தது. பின்னர் குளிர் அறை. வெளிக்காற்றில் 21 வீதம் இருக்கும் ஒட்சிசனை அந்த அறையில் ஒன்றிரண்டு வீதமாகக் குறைத்துவிடுவார்கள். பழம் மூச்சடங்கி உறங்கிவிடும். மாதக் கணக்கில் கெடாது. ஆகவே அறுவடை நாளில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய தேவை அங்கே இல்லை.

எல்லோருடைய பழமும் தரவாரியாக ஒன்றாகச் சேர்ந்து விற்பனையாகிறது. முதலில் முற்பணம், விற்று முடிந்தபின் தரத்துக்கேற்ற மீதிப் பணம். அங்கத்தவர் தம் விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். நல்ல பழத்தை வெளியே விற்றுவிட்டு மட்டமானதைச் சங்கத்தில் தள்ளுவது நம்பிக்கைத் துரோகமாகக் கருதப்படும். கூட்டத்தில் பெரிய காணிக்காரருக்கும் சிறிய காணிக்காரருக்கும் ஒரே வாக்கு.

இந்த முறையின் வேர் நமக்குப் புதிதல்ல. ஜேர்மனியில் கிராமத் தலைவராக இருந்த றைபைசன் (1818–1888) என்பவர், வட்டிக்காரரிடம் சிக்கிய ஏழை விவசாயிகளைச் சேர்த்துக் கடனுதவிச் சங்கங்கள் அமைத்தார். அவர் காட்டிய வழியில் தென் திரோலில் 1889இல் முதற் சங்கம் தோன்றியது. இலங்கையிலும் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. நமது சிக்கன கடனுதவிச் சங்கங்களும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்.

பெரியவர் சொன்ன கதை

மாலைத் தேநீர் வேளையில் பெரியவர் என் ஊரைப் பற்றி விசாரித்தார். போரைப் பற்றியும் இடப்பெயர்வைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் எட்டு வயதில் இந்த ஊரைவிட்டுப் புகைவண்டியில் போனவன்தான்" என்றார்.

தென் திரோல் முதலாம் உலகப் போர்வரை ஒஸ்திரியாவைச் சேர்ந்திருந்தது. போரின் பின் இத்தாலிக்குக் கொடுக்கப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் ஜேர்மன் மொழி பேசுபவர்கள். முசோலினி ஆட்சி 1923இலிருந்து அவர்கள் மொழியைப் பாடசாலைகளிலிருந்து அகற்றியது. மிக்கேல் கம்பர் என்ற குருவானவரின் தூண்டுதலால் வீடுகளில் மறைவாகப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தார்கள். பின்னர் 1939 ஜூன் மாதம் ஹிட்லரின் அரசும் முசோலினியின் அரசும் ஓர் உடன்பாடு செய்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் மக்கள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மொழி வேண்டுமானால் ஜேர்மனிக்குப் போக வேண்டும். காணி வேண்டுமானால் மொழியை விட்டுத் தங்க வேண்டும்.

பத்தில் எட்டுப் பேருக்கு மேல் போவதற்கே ஒப்பமிட்டனர். போர் குறுக்கிட்டதால் உண்மையில் போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். "போகாதீர்கள்" என்று சொன்னவர்களுள் கம்பர் அடிகளார் முக்கியமானவர். பங்குக் குருக்களில் பெரும்பாலோர் தங்கினர். பிரிக்சன் ஆயரோ போவதற்கு ஒப்பமிட்டார். திருச்சபையும் பிரிந்தது, குடும்பங்களும் பிரிந்தன. தங்கியவர்களைத் துரோகிகள் என்று ஏசினார்கள், சன்னல்களுக்குக் கல்லெறிந்தார்கள்.

காணியைத் துண்டாடாமல் ஒரு பிள்ளைக்கே கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். பெரியவரின் தந்தை இளையவர்; காணியில்லாதவர். அவர் போக ஒப்பமிட்டார். காணி பெற்ற அண்ணன் தங்கினார். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. 1948இல் இத்தாலிய அரசு, போனவர்கள் குடியுரிமையைத் திரும்பப் பெற வழி திறந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பினார்கள். இந்தக் குடும்பமும் அடுத்த ஆண்டு திரும்பியது.

"திரும்பி வந்தது போனதைவிடக் கடினம்" என்றார் பெரியவர். போனவர்கள் என்று ஊரார் முகம் திருப்பினார்கள். தந்தை ஆற்றோரத்தில் ஒருவரும் விரும்பாத சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, மரம் நட்டார். முதற் காய்ப்பு வந்தது. அந்தக் கொஞ்சப் பழத்தை வாங்க வியாபாரி இல்லை. சங்கத்தில் சேரவோ, அங்கத்தவர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை.

ஒரு நாள் சங்கச் செயலாளர் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிணையாளர் இடத்தில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. "பெரியப்பா வந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பாவும் நன்றி சொல்லப் போகவில்லை. ஆனால் அந்த ஆண்டு இருவருடைய பழமும் ஒரே இடத்தில் கலந்து விற்றது. அடுத்த பாஸ்காவுக்குப் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டோம்" என்றார். நான் அன்று பறித்த மரங்கள் நின்றது அந்தச் சதுப்பு நிலத்தில்தான்.

நிழலும் உண்டு

அங்கே எல்லாம் நன்று என்று சொன்னால் அது உண்மையாகாது. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பயிர் நிற்பதால் மருந்தடிப்பு மிகுதி. 2014இல் மால்ஸ் என்ற ஊரில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இரசாயன மருந்துகளுக்கு எதிராக நின்றார்கள். அதனால் அயலவர்களுக்கிடையே வழக்குகளும் மூண்டன. மேலும், அறுவடைக்குக் குடும்பத்தின் கைகள் போதாமல், கிழக்கு ஐரோப்பிய ஏழை நாடுகளிலிருந்து கூலியாட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சங்கத்தில் வாக்கில்லை. செழிப்பைப் பார்க்கும்போது இவற்றையும் பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன?

போர் 2009இல் முடிந்தபின்னும் சொந்தக் காணியை மிதிக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. திரும்பிய குடும்பங்களிலும், கடைசிவரை ஊரில் நின்றவர்கள், முன்னரே வெளியேறியவர்கள், வெளிநாடு போனவர்கள் என்ற பிரிவுகள் உண்டு. "நீங்கள் பட்டது என்ன, நாங்கள் பட்டது என்ன" என்ற சொல் கோயில் முற்றத்திலும் கேட்கிறது. உறவு முறிந்த ஊரில் சங்கம் நிலைக்காது. சங்கம் இல்லாத ஊரில் அரை ஏக்கர் மிளகாய்க்காரரும் பத்து மாமரக்காரரும் வியாபாரி சொன்ன விலைக்கே விற்பார்கள்.

அப்படியானால் முதலில் மனம் ஒன்றுபடட்டும், பிறகு சங்கம் தொடங்கலாம் என்று காத்திருப்பதா? அந்தப் பெரியவரின் கதை வேறு வழியைக் காட்டுகிறது. சகோதரர் இருவரும் முதலில் சமாதானம் பேசவில்லை. முதலில் பிணைக் கையெழுத்து வந்தது. பேச்சு பின்னால் வந்தது. பழைய கணக்கைத் தீர்க்க முடியாத இடத்தில் புதிய கணக்கொன்றை ஒன்றாகத் தொடங்கலாம்.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் நிலம் வாங்கி, உறுதியை மண்பாண்டத்தில் பாதுகாக்கச் செய்தார். நம் தாய்மாரும் ஓடிய இடமெல்லாம் காணி உறுதியைப் பையில் சுமந்தார்கள். உறுதி நமது உரிமையின் சான்று. ஆனால் அந்தக் காணியில் குடும்பம் நிலைத்திருக்க அயலவரின் கையெழுத்தும் வேண்டும். அதைக் கேட்கவும் கொடுக்கவும் நாம் துணிய வேண்டும்.

குழுக்களில் பேசுவதற்கு

1. உங்கள் ஊரில் ஒரே பயிரைச் செய்தும் தனித்தனியே விற்கும் குடும்பங்கள் எத்தனை? ஒன்றாக விற்கத் தடையாக இருப்பது எது?

2. நல்லதைச் சங்கத்துக்கும் மட்டமானதைச் சந்தைக்கும் கொடுக்கும் கட்டுப்பாடு நம்மிடம் உண்டா?

3. இடப்பெயர்வால் பேச்சு முறிந்த ஓர் உறவினருக்கோ அயலவருக்கோ நீங்கள் இன்று பிணை நிற்பீர்களா?