விரிதாளும் தலைவர் முடிபும்

சென்ற ஆண்டில் எம் விடுதியின் உணவுக் கணக்கை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மாணவர்தம் அறை எண்களைக் கணிப்பொறி விரிதாளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டு வந்தோம். மூன்றாம் கட்டடத்து நான்காம் அறையைக் குறிக்க 3-4 என்று இட்டபோது, அஃது ஏப்ரல் மாதத்து மூன்றாம் நாளாக மாறி நின்றது. அழித்து மீண்டும் இட்டோம். மீண்டும் நாளாகவே மாறிற்று. தமிழ் பயிலும் எமக்குக் கணக்கில் பழக்கம் சிறிதே. ஆதலின் பிழை எம்முடையதே எனக் கருதி நாணினோம். பின்னர் ஆராய்ந்தபோது, அது கைப்பிழையும் அன்று, பொறியின் பழுதும் அன்று. அவ்வாறே மாற்றுக என்று கருவியைச் செய்தோர் முன்னரே முடிவு செய்து வைத்திருந்தனர் என்பது விளங்கிற்று. நாள்தோறும் நம் கையில் வழங்கும் ஒரு கருவியுள் எத்தனை முடிபுகள் மறைந்து கிடக்கின்றன என்னும் வியப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

விரிதாள் என்பது யாது? வரிசைகளும் பத்திகளும் கொண்ட கணக்கேடே அது. வரிசையும் பத்தியும் கூடுமிடம் கட்டம் எனப்படும். கட்டத்தில் எண்ணை இடலாம். பிற கட்டங்களைக் கூட்டுக, பெருக்குக என்னும் விதியையும் இடலாம். ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்களெல்லாம் நொடியில் தாமே மாறும். இதுவே காகித ஏட்டுக்கும் இதற்கும் உள்ள பெரு வேறுபாடு. 1978 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்னும் மாணவர், கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தால் அதனோடு தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்தெழுத வேண்டியிருக்கும் தொல்லையைக் கண்டார். தாமே திருந்தும் பலகை ஒன்று இருப்பின் எவ்வளவு நலமாம் என்று எண்ணினார். அவரும் பாப் பிராங்க்ஸ்டன் என்பாரும் கூடி இயற்றிய விசிகால்க் என்னும் மென்பொருள் 1979 இல் ஆப்பிள் கணிப்பொறிக்கென வெளிவந்தது. இம்மென்பொருளைப் பெறுதற்பொருட்டே கணிப்பொறியை விலைக்கு வாங்கிய வணிகர் பலராவர்.

அக்காலத்தில் மென்பொருளுக்குக் காப்புரிமை பெறுதல் அரிதாயிருந்தமையின், பிரிக்லின் அதனைப் பெற்றிலர். எனவே பிறரும் அவ்வழியிற் செல்ல இயன்றது. மிட்ச் கேபோர் என்பார் தோற்றுவித்த நிறுவனம் 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாளை ஐ.பி.எம். கணிப்பொறிக்கென வெளியிட்டது. சில திங்களுள் அது முன்னையதை விஞ்சிற்று. 1985 இல் லோட்டஸ் நிறுவனமே பிரிக்லினது நிறுவனத்தின் உடைமைகளை வாங்கி, விசிகால்க் விற்பனையை நிறுத்திவிட்டது.

இந்த லோட்டஸ் விரிதாளில் ஒரு சிறு பிழை இருந்தது. அது நாள்களை 1900 ஜனவரி முதல் நாள் தொடங்கி ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லும். நூற்றாண்டின் நிறைவாண்டு 400 ஆல் வகுபட்டாலன்றி லீப் ஆண்டு ஆகாது என்பது விதி. ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அன்று. லோட்டஸோ 1900 ஐயும் லீப் ஆண்டாகக் கொண்டது. உலகில் என்றும் இல்லாத 1900 பிப்ரவரி 29 ஆம் நாள், அவ்விரிதாளில் அறுபதாம் நாளாக இடம்பெற்றது.

பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்செல் என்னும் விரிதாளை 1985 இல் மாக்கின்டாஷ் கணிப்பொறிக்கும், 1987 இல் விண்டோஸ் முறைமைக்கும் வெளியிட்டது. அப்போது அதன் தலைவர்க்கு ஒரு வினா எழுந்தது: பிழையைத் திருத்துவதா, காப்பதா? திருத்தினால் லோட்டஸில் எழுதிய கணக்குகளை எக்செலுக்குக் கொணரும்போது நாள் ஒவ்வொன்றும் ஒன்று பிறழும். காத்தாலோ, 1900 ஆம் ஆண்டின் முதலிரு திங்களுக்கு மட்டும் கிழமை பிழையாகும். அறிந்தே அவர்கள் பிழையைக் காத்தனர். மாக்கின்டாஷ் முறை 1904 இலிருந்து எண்ணியமையால் இத்தொல்லையினின்று தப்பிற்று. ஆனால் இரு முறைகளுக்கும் இடையே 1,462 நாள் வேறுபாடு நேர்ந்தது.

ஜோயல் ஸ்போல்ஸ்கி என்பார் மைக்ரோசாப்டில் இளம் அலுவலராய் இருந்தபோது, எக்செலுக்கென ஒரு நிரல்மொழியைத் திட்டமிட்டார். அதில் நாள்களின் எண்ணிக்கை 1899 டிசம்பர் 31 ஐ ஒன்றெனக் கொண்டு தொடங்கும். அதனால் 1900 மார்ச்சு முதலாக அஃது எக்செலோடு ஒத்துச் செல்லும். 1992 இல் அத்திட்டத்தை ஆராய்ந்த பில் கேட்ஸ், நாள் கணக்கைப் பற்றியே நுணுகி வினவினார் என்றும், அவ்விரு திங்கள் ஒழிய ஏனையவை ஒக்கும் எனத் தாம் விடை பகர்ந்ததாகவும் ஸ்போல்ஸ்கி பிற்காலத்தில் எழுதியுள்ளார். பெரு நிறுவனத்தின் தலைவர் இத்துணைச் சிறியதொன்றை உசாவுவானேன் என்று ஐயுறுவார் உளராகலாம். சிறியதெனத் தோன்றும் அதுவே கோடிக்கணக்கான ஏடுகளில் ஊறி நிற்பது என்பதனை அவர் அறிந்திருந்தார் போலும்!

லோட்டஸ் தலைவர்தம் முடிபு வேறு திசையிற் சென்றது. வருங்காலம் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.2 என்னும் முறைமைக்கே உரியதாகும் எனக் கருதி, அவர்கள் தம் முயற்சியை அதன்பாற் செலுத்தினர். உலகமோ 1990 இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 ஐ நாடிச் சென்றது. விண்டோஸுக்குரிய லோட்டஸ் விரிதாள் 1991 இலேதான் வந்தது. அதற்குள் எக்செல் வேரூன்றிவிட்டது. 1995 இல் ஐ.பி.எம். லோட்டஸை ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2014 இல் லோட்டஸ் 1-2-3 க்கு அளிக்கப்பட்டுவந்த உதவியும் நின்றது. கருவி மறைந்தது, அதன் பிழையோ பகைவனது கருவியில் இன்றும் வாழ்கின்றது.

பயன்படுத்துவோரின் தலைவரும் பொறுப்பினின்று நீங்கியவரல்லர். எக்செலின் பழைய கோப்பு வகையில் 65,536 வரிசைகளே அடங்கும். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை 10,48,576 ஆக உயர்த்திற்று. பதின்மூன்று ஆண்டுகட்குப் பின்னும், 2020 இல், இங்கிலாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் கொரோனா ஆய்வு முடிபுகளைப் பழைய வகைக் கோப்புகளில் ஏற்றிவந்தது. கோப்பு நிறைந்தபின் வந்தவை ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் நாட்கணக்கில் சேராமற் போயினர். நோயுற்றோர்க்குத் தத்தம் முடிபு அறிவிக்கப்பட்டதெனினும், அவரோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாழ்ந்தது. அத்தாழ்வில் எத்துணை வீடுகளில் நோய் புகுந்திருக்கும் என்று எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. வரிசையின் எல்லை, கருவி செய்தோர் வகுத்தது. அவ்வெல்லை விரிந்தபின்னும் பழைய கோப்பிலேயே தங்கியது, பயன்படுத்தியோர் செய்தது.

இனி, எம் அறை எண்ணுக்கு நேர்ந்ததே மரபணு அறிஞர்க்கும் நேர்ந்தது. மார்ச்-1, செப்ட்-1 என்றாற்போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் நாள்களாக மாற்றிவிடும். அப்பிழை அச்சேறிய ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் புகுந்தது. கருவி மாறும் என்று பல்லாண்டு காத்திருந்து பயனின்மையால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் பெயர்களையே மாற்றினர். புதிய நெறிகளை 2020 இல் வெளியிட்டனர். தானே மாற்றும் அவ்வியல்பை வேண்டாதார் நிறுத்திக்கொள்ள மைக்ரோசாப்ட் வழிசெய்தது 2023 இலேதான். கருவிக்காக அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது! சொல்லைப் பயிலும் எம்மனோர்க்கு இச்செய்தி மறத்தற்கரியது.

இவற்றால் யாம் அறிவது யாதெனின், தலைவரது முடிபு அவர் அமர்ந்த அறையோடு முடிவதன்று என்பதே. பழைய பிழையைக் காத்ததும் முடிபு. அது பலருடைய ஏடுகளைக் காத்தமையின் அதனைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. எண்ணையெல்லாம் நாளெனக் கொண்டதும் முடிபு. வணிகர்க்கு அஃது எளிமை தந்தது, அறிஞர்க்குத் தீங்கு தந்தது. எவருக்காகச் செய்கின்றோம் என்பதோடு, எவர் கையிலெல்லாம் இது சென்று சேரும் என்பதனையும் வினவுதல் தலைவர் கடன். தம் கருவியின் எல்லையை அறிந்து கையாளுதல் பயன்படுத்துவோர் கடன். நம் கல்லூரியினின்று நாளை கணிப்பொறி நிறுவனங்கட்குச் செல்வோர் பலர். அவர்தம் சிறு முடிபு ஒன்று, அவர் என்றும் காணாத ஒருவரது கணக்கில் அமரும் என்பதனை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

எம் கணக்கு என்னாயிற்று என்று வினவுவீராயின், நண்பர் ஒருவர் வழிகாட்டினார்: எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோட் குறி இட்டால், கருவி அதனை எழுத்தாகவே கொள்ளும். இட்டோம், 3-4 அவ்வாறே நின்றது. அவ்வறை மாணவரது உணவுக் கணக்கும் அத்திங்களில் பிழையின்றி முடிந்தது.