தொப்புள் புண் திரும்பத் திரும்ப வருவதேன்?

பழவேற்காட்டு ஏரியில் வலையிடுவோரும் இறால் பிடிப்போரும் மணிக்கணக்காக உவர்நீரில் நிற்கின்றனர். கரையேறிய பின்னும் ஈர ஆடை உடலோடு ஒட்டியே உலர்கிறது. அவர்களுள் தொப்புள் குடலிறக்கம் உடையவர்க்கு, வீக்கத்தைச் சுற்றிய மடிப்பில் தோல் சிவந்து, வெடித்து, நமைச்சலும் நாற்றமும் உண்டாவதுண்டு. களிம்பிட்டால் ஆறும், சில வாரங்களில் மீண்டும் தோன்றும். அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

வயிற்றுச் சுவரை ஒரு வலையாகக் கொள்ளுங்கள். தொப்புளருகே ஒரு கண் விரிந்துவிட்டால், உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியே பிதுங்குகிறது. குழந்தைகளுக்கு இவ்விடைவெளி பெரும்பாலும் 5 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். நாணயம் வைத்துக் கட்டுவதால் பயனில்லை. அழுந்திய இடம் புண்ணாவதே மிச்சம். பெரியவர்களுக்கோ அது தானாக மூடுவதில்லை.

பிதுங்கிய தோலின் மடிப்பில் வியர்வையும் ஈரமும் தங்குகின்றன. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவதுபோல அங்கே பூஞ்சை வளர்கிறது. சில வேளை பாக்டீரியாவும் சேர்ந்து சீழ் பிடிக்கிறது.

ஆகவே, கரையேறியதும் நன்னீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, உலர்ந்த ஆடை உடுத்துக. சுண்ணாம்பு, சாம்பல் முதலியன வேண்டா. க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பை மருத்துவர் சொன்ன நாள்வரை இடுக. நமைச்சல் நின்றவுடன் நிறுத்துவதால்தான் பலருக்கும் புண் திரும்புகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாக வாங்கிப் பூசினால், சிவப்பு மறையும். பூஞ்சையோ உள்ளே பரவும்.

அடிக்கடி புண் வருமாயின் நீரிழிவு உண்டா என்று பார்த்தல் வேண்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான சோதனையை வீட்டுக்கே வந்து செய்கின்றனர்.

எனினும், மடிப்பு உள்ளவரை ஈரமும் தங்கும். நிலையான தீர்வு அறுவை சிகிச்சையே. பெரிய இடைவெளியாயின் மருத்துவர் செயற்கை வலையொன்றை வைத்துத் தைப்பார். கிருமி அவ்வலையைப் பற்றினால் அகற்றுவது அரிது. ஆதலால் முதலில் புண்ணை ஆற்றிய பின்னரே அறுவைக்குச் செல்லுதல் நலம்.

ஒன்றுமட்டும் காத்திருக்கலாகாது. வீக்கம் கல்போல் இறுகி, உள்ளே தள்ளினால் போகாமல், கடும் வலியும் வாந்தியும் கண்டாலோ, தோல் கருஞ்சிவப்பானாலோ, குடல் சிக்கி இரத்தவோட்டம் தடைப்பட்டிருக்கக்கூடும். அப்பொழுது களிம்பையும் கைவைத்தியத்தையும் நாடாதீர்கள். 108ஐ அழைத்து, அந்நேரமே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவாயினும் விடியட்டும் என்று இருத்தல் கூடாது.