மீன் தொட்டியும் புற ஊதா விளக்கும்

பாலக்காட்டுக் கணவாயின் பகுதியில், தமிழக எல்லைக்கு அண்மையில் அமைந்தது நல்லேப்பிள்ளி. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் ஊர் அது. கேரளத்திலேயே வெப்பம் மிகுந்த பகுதிகளுள் பாலக்காடும் ஒன்றாகையால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே வெயிலின் கடுமை சொல்லி முடியாது. அந்நாட்களில் சன்னலோரம் வைத்த மீன் தொட்டியின் நீர் ஒரு வாரத்திற்குள் கீரை கடைந்தாற்போலப் பச்சையாகிவிடுவதுண்டு. நாகபுரியிலும் ஐதராபாத்திலும் அகமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளிலும் இதே தொல்லைதான். இதற்குப் பரிகாரமாகக் கடைக்காரர்கள் ‘யு.வி. விளக்கு’ என்ற கருவியைக் காட்டுகிறார்கள். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்து வாங்குவதே நமக்கும் நலம், மீனுக்கும் நலம்.

சூரிய ஒளிக்குக் கிருமிகளை ஒடுக்கும் ஆற்றல் உண்டென்பதை இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் 1877-இல் எடுத்துக்காட்டினர். ஒளியைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை செய்த டென்மார்க்கின் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். பிரான்சின் மார்செய் நகரில் 1910-இல் குடிநீரைத் தூய்மை செய்யவே இக்கதிரைப் பயன்படுத்தினர். அன்று ஒரு நகரத்துக்குப் பயன்பட்ட அதே தத்துவந்தான் இன்று கைக்கு அடங்கும் கருவியாக நம் வீட்டிற்கு வந்திருக்கிறது.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு குழாய்க்குள் பாதரச ஆவி விளக்கு எரிகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கதிர் வெளிப்படுகிறது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆகையால் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் உறை இட்டிருப்பார்கள். மோட்டார் தள்ளும் நீர் இவ்வுறையைச் சுற்றி ஓடும்போது, நீரில் மிதக்கும் பாசி அணுக்கள் மீதும் கிருமிகள் மீதும் கதிர் பாய்ந்து, அவற்றின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த உயிரணு பெருக மாட்டாது, விரைவில் மடியும். கதிர் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடுவதால் தொட்டியிலுள்ள மீனுக்குத் தீங்கில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனித்தல் வேண்டும். தொட்டியில் நூறு லிட்டர் நீர். மோட்டார் மணிக்கு நூறு லிட்டர் தள்ளுகிறது. எனவே ஒரு மணி நேரத்தில் நீர் முழுவதும் விளக்கைக் கடந்துவிடும் என்று நாம் எண்ணுவோம். அது சரியன்று. கடந்த நீர் மீண்டும் தொட்டியில் கலப்பதால், ஒரு மணி கழிந்தபின்னும் சுமார் 37 லிட்டர் நீர் கதிரைக் காணாமலே இருக்கும். மூன்று மணிக்குப் பின் அது சுமார் ஐந்து லிட்டராகக் குறையும். இதற்கிடையே எஞ்சிய பாசி பெருகிக்கொண்டும் இருக்கும். ஆகவே விளக்கு இடைவிடாது எரிவதே முறை. அவசரப்பட்டு மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் நீர் கதிரின் முன் நிற்கும் நேரம் குறைந்து பயனும் குறையும். தயாரிப்பாளர் அச்சிட்டுள்ள ஓட்ட அளவை மீறலாகாது.

இனி, விளக்கின் எல்லையை நோக்குவோம். மீனின் உடலில் உப்புத் தூவினாற்போலத் தோன்றும் வெண்புள்ளி நோயைப் பலரும் கண்டிருப்பர். அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி முதலில் மீனின் தோலுக்குள் வளர்கிறது. பின்பு உதிர்ந்து தொட்டியின் அடியில் பல குஞ்சுகளாகப் பிளக்கிறது. அக்குஞ்சுகள் வேறு மீனைத் தேடி நீந்துகின்றன. நீந்தும் பருவத்தில் மட்டுமே விளக்கால் அதைத் தாக்க இயலும். அதற்கும் பாசிக்கு வேண்டியதினும் மிகுந்த கதிர் தேவை. எனவே விளக்கு நோய் பரவுவதைக் குறைக்குமேயன்றி, நோயுற்ற மீனைக் குணப்படுத்தாது. சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வந்த மீனாயினும், வேறெங்கிருந்து வந்ததாயினும், புதிய மீனை இரண்டு மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்ப்பதே முதற் காவல்.

இரண்டாவது எல்லை இதனினும் முக்கியமானது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட தீனியிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றித் தீங்கு குறைப்பவை வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிறையச் சேர்த்தால் ஒவ்வொன்றாய் மடியும். இதைக் கிருமியின் வேலை என்று கருதி விளக்கு வாங்குவோர் பலர். விளக்கு அமோனியாவைத் தொடாது. பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஊரில் கிணற்று நீரை ஊற்றிப் பழகியவர்கள் பட்டணத்துக் குழாய் நீரிலும் கவனம் செலுத்த வேண்டும். அதிலுள்ள குளோரின் மீனின் செவுள்களையும் நல்ல பாக்டீரியாக்களையும் கெடுக்கும். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைக் கலந்தபின் ஊற்றுதல் நன்று.

விளக்கை வாங்கியவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை சில உண்டு. வடிகட்டியைக் கடந்த தெளிந்த நீரே விளக்கிற்குள் செல்லட்டும்; கலங்கல் கதிரை மறைக்கும். குவார்ட்ஸ் உறையில் உப்புப் படியும். அதை அவ்வப்போது துடைக்க வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு இடைவிடாது எரிந்தபின், நீல ஒளி தெரிந்தாலும் கதிரின் வலிமை குன்றியிருக்கும், விளக்கை மாற்றிவிடுக. மீனுக்கு மருந்திடும் நாட்களில் விளக்கை நிறுத்துக. சில மருந்துகளைக் கதிர் சிதைத்துவிடும். எரியும் விளக்கை ஒருபோதும் வெறுங்கண்ணால் நோக்கலாகாது. கண்ணும் தோலும் புண்படும். கருவியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டிப்பதும், குழந்தைகளை அருகே விடாதிருப்பதும் கட்டாயம். விளக்கு உடைந்தால் அதில் பாதரசம் உண்டென்பதை நினைந்து, சன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளை வெறுங்கையால் தொடாமல் அகற்ற வேண்டும்.

மீன் தொட்டி பச்சையானால் முதலில் அதை வெயிலிலிருந்து நகர்த்துவோம், தீனியைக் குறைப்போம், வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவோம். இவற்றைச் செய்தும் தீராதபோது விளக்கு நல்ல துணை. இவற்றைச் செய்யாதவருக்கு அது வீண் செலவு. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நம்மையே நம்பியிருக்கும் உயிருக்கு வேண்டியது நாள்தோறும் நாம் காட்டும் கவனமே.