சூளகிரிக் கல்லின் பிறப்பும் வளர்ப்பும்

2008 செப்டம்பர் 12ஆம் தேதி காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் வானிலிருந்து கற்கள் விழுந்தன. கிடைத்த துண்டுகளின் மொத்த எடை சுமார் 110 கிலோ. ஆராய்ந்தவர்கள் அதை எல்எல்6 என்று வகைப்படுத்தினார்கள். இந்தச் சின்னக் குறியீட்டுக்குள் ஒரு கல்லின் பிறப்பும் வளர்ப்பும் அடங்கியிருக்கின்றன.

எழுத்து பிறப்பைச் சொல்கிறது. நாம் விழக் காணும் விண்கற்களில் பத்துக்கு எட்டு, சாதாரண காண்ட்ரைட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. சூரியனைச் சுற்றித் தூசியும் வாயுவும் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகி உறைந்த மில்லிமீட்டர் அளவுத் துளிகள் இவற்றுக்குள் இருக்கும். காண்ட்ரூல் என்பது அவற்றின் பெயர். குடும்பத்துக்குள் எச், எல், எல்எல் என்று மூன்று கிளைகள். இரும்பு அதிகம் உள்ளது எச். மிகக் குறைவாக உள்ளது எல்எல்.

இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆக்சிஜனோடு சேராத இரும்பு உலோகத் துகளாகவே தங்கிவிடும். ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்போ ஒலிவின், பைராக்சீன் ஆகிய கனிமங்களுக்குள் போய் மக்னீசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எச் வகை ஒலிவினில் அப்படி இரும்பு பிடித்த இடங்கள் நூற்றுக்கு 16 முதல் 20 வரை. எல்எல் வகையில் 27 முதல் 32 வரை. எல்எல் கல்லில் உலோகம் சில சதவீதமே மிஞ்சுவதால் காந்தம் அதைப் பலவீனமாகத்தான் இழுக்கும். நிக்கல் இரும்பைப் போல எளிதில் ஆக்சிஜனோடு சேராது. அதனால் உலோகம் குறையக் குறைய, மிஞ்சிய உலோகத்தில் நிக்கலின் பங்கு ஏறுகிறது. லண்டனில் கனிமங்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரையர் 1916இல் இந்த ஒழுங்கை எடுத்துக்காட்டினார். ஒலிவினில் உள்ள இரும்பை அளந்தாலே, அந்தக் கல் பிறந்த இடத்தில் ஆக்சிஜன் எந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது!

6 என்ற எண் வளர்ப்பைச் சொல்கிறது. 3 என்றால் அதிகம் சூடேறாத கல். காண்ட்ரூல்கள் கூர்மையாகத் தெரியும். 6 என்றால், தான் உடைந்து பிரிந்து வந்த தாய்க்கோளின் உள்ளே, உருகாமலேயே 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுங்காலம் வெந்த கல். காண்ட்ரூல்களின் விளிம்புகள் சுற்றியுள்ள பொடியோடு கலந்து மங்கிவிடும். ஒவ்வொரு ஒலிவின் மணியிலும் இரும்பு ஒரே அளவாகப் பரவிவிடும். கண்ணாடியாக உறைந்திருந்த பகுதி பெல்ட்ஸ்பார் படிகங்களாக வளர்ந்திருக்கும். இந்தச் சூட்டுக்குக் காரணம் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு. ஏழு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிக் குறைந்த அது, சூரியக் குடும்பத்தின் தொடக்கத்திலேயே தீர்ந்துபோனது. கல் பூமியை நோக்கி எரிந்து வந்தபோது பட்ட சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சூடு மேலே மெல்லிய கருந்தோலை உண்டாக்கியதோடு சரி.

இதே எல்எல் கிளையைச் சேர்ந்த இன்னொரு கல் 1798இல் காசிக்கு அருகே விழுந்தது. எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் அதிலும் வேறு நாட்டுக் கற்களிலும் உள்ள இரும்பில் நிக்கலைக் கண்டு 1802இல் வெளியிட்டார். வானிலிருந்து கல் விழும் என்பதை அறிஞர்கள் ஏற்கத் தொடங்கியதில் அந்த நிக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்எல் கற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு 2010இல் ஒரு நேரடிச் சான்று கிடைத்தது. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்ற குறுங்கோளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துகள்களைக் கொண்டுவந்தது. அவற்றின் ஒலிவினை அளந்தபோது, இரும்பின் அளவு எல்எல் எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. துகள்களில் பல, சூளகிரிக் கல்லைப் போலவே நன்றாக வெந்தவை.