லக்ஸபான தந்த வெளிச்சமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

மூதூர், சம்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் சிலவற்றோடு திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக நோர்ட்டன்பிரிஜ் போய்ச் சேர்ந்தோம். குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வாழ்ந்த நம்மவர்கள், தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே எமது எண்ணம்.

தேயிலை மலையைக் கடந்து காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், அருவி கண்ணில் படுமுன்பே அதன் இரைச்சல் கேட்டது. லக்ஸபான அருவி ஏறக்குறைய 126 மீற்றர் உயரமானது. அட்டைக்கடியையும் மறந்து எல்லோரும் அண்ணாந்து நின்றோம்.

இந்த மலைநீரைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் ஆய்வுரை வாசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1924 இல் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோனது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதற்காக வாதாடினார். 1950 இல் 25 மெகாவாட் வலுவுடன் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, ஆய்வுரை வாசித்து 32 ஆண்டுகள் கடந்திருந்தன.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. கெஹெல்கமு ஓயாவை நோர்ட்டனில் மறித்து, சுரங்கத்தாலும் இரும்புக் குழாய்களாலும் 400 மீற்றருக்கு மேல் கீழே இறக்குகிறார்கள். அந்த வேகத்தில் தண்ணீர் சில்லின் கிண்ணங்களில் மோதுகிறது. சில்லு சுழல, மின் பிறப்பாக்கியும் சுழல்கிறது. வேலை முடிந்த தண்ணீர் மறுபடியும் ஆற்றுக்கே போகிறது. நமது கந்தளாய்க் குளத்துக்கு வரும் மகாவலி நீரும் உக்குவெல, போவதென்ன மின் நிலையங்களில் உழைத்துவிட்டு வருவதுதான்.

தண்ணீர் திரும்பி வருகிறது; எல்லாம் அப்படித் திரும்புவதில்லை. 1969 இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோவிலின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண் ஒருவரிடம் எங்களோடு வந்த தாயொருவர் கேட்டார்: "பிள்ளை, உங்கட வீட்டுக்கு எப்ப கரண்ட் வந்தது?"

"கம்பி எங்க லயத்துக்கு மேலதாங்கம்மா போச்சு. எங்களுக்குக் கரண்டு வந்தப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க."

அதன்பின் திரும்பும் வழியெல்லாம் பேச்சு சம்பூரைப் பற்றியே இருந்தது. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுவந்த பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டது. இப்போது சூரிய ஒளி மின் நிலையம். அதற்கான வேலைகள் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டன. புகையில்லாத மின்சாரம் நல்லதுதான். ஆனால் எந்த மின்சாரமும் ஒரு நிலத்தின் மேல்தான் எழுகிறது. அந்த நிலம் யாருடையது?

திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்த நாபோத்தின் கதையை நாம் அறிவோம். அவன் விலை பேசவில்லை. அது தன் முன்னோரின் உரிமை என்றான். அரசன் கேட்டால் கொடுத்தேயாக வேண்டும் என்று வேதாகமம் சொல்லவில்லை.

விமலசுரேந்திரவிடம் நாம் கற்க வேண்டியது அவருடைய விடாமுயற்சியை. நமது கோரிக்கையையும் அப்படியே விடாமல் எழுத்தில் வைப்போம். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவோம். பத்திரம் தொலைந்தவர்கள் எல்லைக் காணிக்காரரின் சாட்சியத்தை இப்போதே எழுதி வாங்குவது நல்லது.

கமக்காரர் சங்கங்களில் கலந்துபேச:

1. எமது ஊரில் வரும் திட்டத்துக்கு யாருடைய காணி எடுக்கப்படுகிறது? யாரிடம் கேட்டார்கள்?

2. காணி கொடுத்தவரின் வீட்டுக்கு முதலில் வெளிச்சம் வருமா?

3. மேய்ச்சல் தரைக்கும் குளத்துக்குப் போகும் பாதைக்கும் என்ன நடக்கும்?