விழுந்த விமானத்தில் மறுபடி ஏறுவது ஏன்?

சென்னை மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்களில் பலரைச் சுமந்து வருவது ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானம்தான். இதே ரகத்தை 1990-இல் இந்திய அரசு மாதக்கணக்கில் தரையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், பெங்களூரு ஓடுபாதையை எட்டும் முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். கம்ப்யூட்டரை நம்பிப் பறக்கும் விமானம் என்ற அச்சம் ஏற்கெனவே இருந்தது. 1988-இல் பிரான்சின் ஹாப்ஷைமில் ஒரு ஏ320 மரங்களில் மோதியிருந்தது. அப்படிப்பட்ட விமானம் எப்படி மக்களின் அன்றாட வாகனமானது?

காலம் போனால் எல்லாம் மறந்துவிடும் என்பது எளிய பதில். அது போதாது; விசாரணைகள் கண்டதையும் பார்க்க வேண்டும். பெங்களூரில் இறங்கும்போது என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் இருந்ததை விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை என்று விசாரணை கண்டது. பழைய விமானங்களில் தானியங்கி அமைப்பு என்ஜின் விசையை மாற்றினால் விசை நெம்புகோலும் கூடவே நகரும்; ஏ320-இல் நகராது, திரையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 1992-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரி சரிவில் இறங்க நினைத்த விமானிகள், நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கும்படி அமைத்துவிட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினார்கள். திரையில் அந்த வேகம் வெறும் 33 என்றே தெரிந்தது. பிறகு அது நான்கு இலக்கமாகவே தெரியும்படி மாற்றப்பட்டது. விமானியின் தவறு என்று கோப்பை மூடியிருந்தால் இந்தத் திருத்தம் வந்திருக்காது.

டிக்கெட் விலையைத் தவிரப் பயணிகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், விமானத்தின் ரகத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. தமக்காகப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம்தான் காரணம். அந்த ஆட்கள் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதை போயிங் 737 மேக்ஸ் காட்டியது. 2018 அக்டோபரில் முதல் விபத்து. மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் பற்றி விமானிகளுக்கு அதுவரை முறையாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் அந்த விமானங்கள் தொடர்ந்து பறந்தன. அடுத்த மார்ச்சில் இரண்டாவது விபத்து. மொத்தம் 346 உயிர்கள். இந்தியா உட்பட உலகமே அந்த விமானத்தை நிறுத்தியது. மென்பொருளைத் திருத்திய பின், 2021 ஆகஸ்டில்தான் இங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆக, மக்கள் நம்புவது விழாத இயந்திரத்தை அல்ல. விழுந்ததற்கான காரணத்தை மறைக்காமல் சொல்லி, திருத்திய பிறகே பறக்கவிடும் ஏற்பாட்டைத்தான்.