படுத்தே கிடந்தால் அசதி தீருமா?

பாகாலாவில் இருந்து புற்றுநோய் சிகிச்சைக்குத் திருப்பதிக்கோ, காட்பாடியில் இறங்கி வேலூருக்கோ போய்வருகிறீர்களா? கீமோ போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், "அசையாம படுத்துக்கோங்க" என்பார்கள். அன்றைக்கு அது சரிதான். மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே கிடந்தால்?

தூங்கி எழுந்தும் ஏன் இந்த அசதி போவதில்லை? ரத்தசோகை, தைராய்டு குறைவு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. ஆகவே முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், தசை கரைவது.

தசை ஏன் கரைகிறது? நோய் உடம்பில் அழற்சியை (நோயை எதிர்க்கும் உடலின் கொதிப்பு நிலை) கிளப்புகிறது. அது தசையிலுள்ள புரதத்தை உடைக்கிறது. குமட்டலும் வாய்க்கசப்பும் சாப்பாட்டைக் குறைக்கின்றன. படுக்கை மிச்சத்தையும் கரைக்கிறது. அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வொன்றில், நோயில்லாத முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்ததற்கே, கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசையை இழந்தார்கள். தசை குறைந்தபின் ஒரு குடம் தண்ணீர் தூக்கவே இருக்கிற பலமெல்லாம் செலவாகிவிடும்.

"நான் குண்டாகத்தானே இருக்கிறேன்?" கொழுப்பு தசைக்குறைவை மறைத்துவிடும். கனடாவில் 2008இல் வெளியான ஆய்வில், பருமனான 250 நோயாளிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தசை மிகக் குறைவாக இருந்தது. கால்வீக்கமும் எடையைக் கூட்டிக் காட்டும்.

வீட்டிலேயே பார்க்க முடியுமா? கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இளைத்தாலும் சொல்ல வேண்டும்.

என்ன சாப்பிடுவது? கிலோ எடைக்கு ஒரு கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 90 கிராம். நோயாளி என்றதும் நாம் கொடுப்பது அரிசிக் கஞ்சி. அதில் புரதம் சொற்பம். கேழ்வரகுக் களியும் வயிற்றை நிரப்பும் அளவுக்குப் புரதம் தராது. நம் பக்கத்து வேர்க்கடலை இருக்கிறதே! வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம், களிக்குத் துவையலாக அரைக்கலாம். ஒரு கைப்பிடியில் ஏழு கிராம் புரதம். முட்டையில் ஆறு, ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டால், முட்டையையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள்; சோறு பிறகு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், எவ்வளவு புரதம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

அசதியோடு எப்படி நடப்பது? ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் அரைமணி நடையும், இரண்டு நாள் பலப்பயிற்சியும் இலக்கு. அந்த நாற்காலியில் எழுந்து உட்காருவதே பலப்பயிற்சிதான். தசை வளரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே பலருக்கு அசதி குறைகிறது. காய்ச்சல் அன்று வேண்டாம். நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் பயிற்சி எதுவும் கூடாது.

விலை கூடிய புரதப் பவுடர் டப்பா வேண்டுமா? வாயால் சாப்பிட முடிகிறவரை அந்தப் பணத்துக்கு முட்டையும் பாலும் வாங்குங்கள். விழுங்கவே முடியவில்லை என்றால், எந்தப் பவுடர், எவ்வளவு என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.